அப்பா நடிக்கவில்லை, தங்கச்சி

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, முக்கியமான இடங்களை மட்டும் தருகிறேன்:

"மிஸ், அப்பாவுக்கு 52 வயது. மூன்று மாதத்துக்கு முன் கவ்வாத்து (தேயிலைச் செடி வெட்டுகிற) வேலை முடிந்து மழையில் மலை இறங்கும்போது பின்னால் வந்தவர் சறுக்கிவிட்டார். அவர் கையிலிருந்த கத்தி அப்பாவின் முதுகில், முள்ளந்தண்டை ஒட்டி வலது பக்கம், தோள்பட்டை எலும்பு முடிகிற இடத்தில் குத்திவிட்டது. ஒப்பரேஷன் செய்தார்கள். இப்போது வலது காலை ஊன்ற முடியவில்லை. இடது கால் நன்றாக அசைகிறது, தொட்டாலும் தெரிகிறது, ஆனால் போன வாரம் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்த இடது பாதம்தான் சுட்டுக் கொப்பளித்துப் போனது, அப்பாவுக்குத் தெரியவே இல்லை. பகலில் சுவரைப் பிடித்து நடப்பவர் இரவில் விழுகிறார். பீலியில் (தண்ணீர்க் குழாயடியில்) முகம் கழுவும்போதும் விழுகிறார். அசையாது என்கிற வலது கால் ராத்திரியில் தானாக உதைக்கிறது. நட்டஈட்டுக்காக நடிக்கிறார் என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பேசுகிறார்கள். சித்தப்பாவே முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார், அன்றிலிருந்து அப்பா யாருடனும் பேசுவதில்லை. கிளினிக் அட்டையில் 'பிரவுன் சேக்கார்' என்று எழுதியிருக்கிறது, என்னவென்று யாரும் சொல்லவில்லை. காயம் வலது பக்கம் என்றால் இடது காலுக்கு ஏன் சூடு தெரியவில்லை? பழையபடி நடப்பாரா?"

தங்கச்சி, மற்றதையெல்லாம் நீங்கள் ஆறுதலாகப் பிறகு வாசித்தாலும் பரவாயில்லை, இதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா நடிக்கவில்லை. நீங்கள் எழுதியிருக்கிற ஒவ்வொன்றும், அந்த இடது கால் சூடு உட்பட, இரவில் விழுவது உட்பட, கால் உதைப்பது உட்பட, ஒரு விரல் அகலம்கூட இல்லாத ஒரே காயத்திலிருந்து வருவதுதான். நடிக்க நினைக்கிறவர் காயம்பட்ட பக்கத்துக் கால்தான் மரத்துவிட்டது என்பார், காயமே இல்லாத பக்கத்துப் பாதத்தை அடுப்பில் வேகவிட்டுக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்.

ஏன் இப்படி என்று விளங்கினால் உங்களுக்கே தைரியம் வரும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சாதாரண தரத்தில் முண்ணாண் என்று படித்திருப்பீர்கள். முள்ளந்தண்டு என்பது எலும்பு, முண்ணாண் அந்த எலும்புகளுக்குள்ளே பத்திரமாக இறங்குகிற நரம்புக் கயிறு. வளர்ந்த ஆணுக்குக் கிட்டத்தட்ட 45 சென்ரிமீற்றர் நீளம், சுண்டுவிரல் அளவுதான் பருமன். அதிலிருந்து இரண்டு பக்கமும் 31 சோடி நரம்புகள் பிரிந்து கழுத்து, கை, நெஞ்சு, வயிறு, கால் என்று உடம்பு முழுக்கப் போகின்றன. ஒவ்வொரு நரம்புக்கும் முண்ணாணோடு சேருகிற இடத்தில் இரண்டு வேர்: பின்வேர் வழியாகச் செய்தி உள்ளே வரும், முன்வேர் வழியாகக் கட்டளை வெளியே போகும். முண்ணாணைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு சாம்பல் நிறப் பகுதி, அதைச் சுற்றி வெள்ளையாக மேலும் கீழும் ஓடுகிற இழைகள். இந்த வெள்ளைப் பகுதிதான் நம்முடைய விஷயம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை, ஆனால் உள்ளே எந்த இழைக்கட்டு எதைச் சுமக்கிறது, எந்த இடத்தில் பக்கம் மாறுகிறது என்பதெல்லாம் கணக்காக இருக்கிறது.

ஒரு ஆற்றை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மலையில் டவுன், அதுதான் மூளை. கீழே ஆற்றின் இரண்டு கரையிலும் லயங்கள், அவைதான் இரண்டு கால்களும். வலது கரையில் ஒரு ரோடு, இடது கரையில் ஒரு ரோடு. ஆற்றைக் கடக்க இரண்டே இடத்தில் பாலம்: ஒன்று லயங்களுக்குப் பக்கத்திலேயே, இன்னொன்று டவுனுக்குள் நுழைகிற இடத்தில்.

இப்போது போக்குவரத்தைப் பாருங்கள். வலது காலை அசை என்ற கட்டளை டவுனின் இடது பாதியில் பிறக்கிறது. அது மேல் பாலத்தில் கடந்து, வலது கரை ரோட்டில் இறங்கி, வலது காலுக்கு வருகிறது. அந்த மேல் பாலம் மூளைத்தண்டின் அடிப்பகுதியில் இருக்கிறது, கட்டளை இழைகளில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை அங்கேதான் பக்கம் மாறுகின்றன. மூளையின் இடது பக்கத்தில் பக்கவாதம் வந்தால் வலது கை கால் விழுவதும் இதனால்தான்.

அடுத்தது, வலது கால் எங்கே இருக்கிறது, முட்டி மடங்கியிருக்கிறதா, பாதம் சரிவில் இருக்கிறதா என்ற செய்தி. நாம் இதை ஒரு உணர்ச்சி என்றே நினைப்பதில்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டும் நம் கால் எங்கே என்று நமக்குத் தெரிகிறதே, அது இந்தச் செய்திதான். இது வலது காலிலிருந்து கிளம்பி, வலது கரை ரோட்டிலேயே, முண்ணாணின் பின்பக்கமாக மேலே ஏறி, மேல் பாலத்துக்குப் பக்கத்தில்தான் கடக்கிறது. அதிர்வும், நுணுக்கமான தொடுகையும் இதே வழியில் போகின்றன.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்டது. வலி, சூடு, குளிர். இந்தச் செய்தி அவ்வளவு தூரம் காத்திருக்காது. இடது காலிலிருந்து வருகிற வலியும் சூடும் முண்ணாணுக்குள் நுழைந்து, ஒன்றிரண்டு படி ஏறுவதற்குள் கீழ்ப் பாலத்தில் கடந்து வலது கரைக்குப் போய்விடும். மிச்சத் தூரம் முழுக்க வலது கரை ரோட்டில்தான் பயணம்.

சரி, இப்போது வலது கரையில், இரண்டு பாலத்துக்கும் நடுவில், ஒரு மண்சரிவு. அந்த ரோட்டில் யார் யார் போனார்கள்? வலது காலுக்கு இறங்குகிற கட்டளை. வலது காலிலிருந்து ஏறுகிற "நான் இங்கே இருக்கிறேன்" என்ற செய்தி. இடது காலிலிருந்து கடந்து வந்த வலியும் சூடும். மூன்றும் நின்றுபோகும். இடது கரை ரோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் இடது கால் நன்றாக அசையும், வலது காலுக்கு வலியும் சூடும் தெரியும். தொடுகை ஓரளவு இரண்டு கரையிலும் போவதால் அது முழுதாக அறுவதில்லை, அதுதான் அப்பா தொட்டால் தெரிகிறது என்கிறார். உங்கள் அப்பாவின் முதுகில் அந்தக் கத்தி செய்தது இந்த மண்சரிவைத்தான்.

இதைத்தான் அட்டையில் பிரவுன் சேக்கார் என்று எழுதியிருக்கிறார்கள். அது ஒரு வைத்தியரின் பெயர். 1817இல் மொரீசியஸ் தீவில், போர்ட் லூயிஸில் பிறந்தவர். முண்ணாணின் ஒரு பாதி மட்டும் அறுபட்டால் இரண்டு பக்கமும் இரண்டு விதமாகப் பாதிக்கும் என்று 1850ஆம் ஆண்டளவில் விளக்கி எழுதியவர் அவர்தான். நம் ஆட்கள் கோப்பித் தோட்டத்துக்கு இந்த மலைக்கு வந்த அதே காலத்தில், இன்னும் பல தமிழர்கள் கரும்புத் தோட்டத்துக்கு அந்தத் தீவுக்குக் கப்பலேறினார்கள். அந்த மண்ணில் பிறந்தவரின் பெயர் ஒரு கவ்வாத்துக்காரரின் கிளினிக் அட்டையில் வந்து நிற்பதை உங்கள் கடிதத்தில் வாசித்தபோது எனக்கு என்னவோ செய்தது.

இனி விழுவதைப் பற்றி. பகலில் நடக்கிறவர் இரவில் விழுகிறார் என்றால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் யோசித்துப் பாருங்கள், வலது கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போகவில்லை. பகலில் அப்பா காலைக் கண்ணால் பார்த்து அந்தக் குறையை ஈடுகட்டுகிறார். விளக்கை அணைத்தால் கண்ணும் போய்விட்டது, கால் எங்கே என்று சொல்ல ஆளில்லை. பீலியில் முகத்தில் தண்ணீர் அடிக்கும்போது கண்ணை மூடுகிறார், அதே கதை. கண்ணைத் திறந்து நிற்கச் சொல்லி, பிறகு மூடி நிற்கச் சொல்லி ஆடுகிறாரா என்று பார்ப்பது நரம்பு வைத்தியர்கள் கிளினிக்கில் தினமும் செய்கிற பரிசோதனை. உங்கள் அப்பா தெரியாமலே அதைப் பீலியில் செய்துகொண்டிருக்கிறார்.

கால் உதைப்பது. இதற்குத்தான் அதிகம் பேர் மீது தவறாகப் பழி விழுகிறது. பயிற்சிக் காலத்தில் நானும் ஒருவரின் காலைப் பார்த்து "அசையாது என்றாரே, இப்போது எப்படி அசைகிறது" என்று மனதுக்குள் நினைத்திருக்கிறேன், அதை இன்றுவரை மறக்கவில்லை. காலை இயக்குகிற கடைசி நரம்புக்கலங்கள் முண்ணாணின் அடிப்பகுதியில், காயத்துக்குக் கீழே இருக்கின்றன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டிக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினால் கால் எழும்புகிறதே, அந்தத் தெறிவினைக்கு மூளை தேவையில்லை, கீழேயே சுற்றி முடிந்துவிடும். சாதாரணமாக மூளை இதையெல்லாம் மேலிருந்து அடக்கி வைத்திருக்கும். கட்டளை ரோடு அறுந்தால் முதல் சில நாட்கள், சில வாரங்கள் கால் துவண்டு கிடக்கும், அப்புறம் அந்த அடக்குகிற கை இல்லாததால் கீழேயுள்ள கலங்கள் தம்பாட்டுக்கு வேலை செய்யத் தொடங்கும். கம்பளி உரசினால் உதைக்கும், படியில் பாதத்தின் முன்பகுதியை மட்டும் வைத்தால் கிடுகிடுவென்று ஆடும், முட்டி விறைத்து நிற்கும். அப்பா வேண்டும் என்று நினைத்தால் அசையாது, வேண்டாம் என்றாலும் உதைக்கும். அதை நிறுத்த அவரால் முடியாது.

அந்த உதைப்பு திடீரென்று கூடினால் சும்மா விடாதீர்கள். பெரும்பாலும் கீழே எங்கோ ஒரு காரணம் இருக்கும்: சிறுநீரில் தொற்று, மலச்சிக்கல், உள்ளே வளர்ந்த நகம், தெரியாமல் வந்த புண். விறைப்புக்குப் பெக்லோஃபென் மாத்திரை தந்திருந்தால், முடிந்துவிட்டது என்று திடீரென நிறுத்தக்கூடாது, அது ஆபத்து. முடிவதற்கு முதலே கிளினிக்குக்குப் போங்கள்.

அட்டையில் காயம் பட்ட இடத்தைக் குறிக்க முள்ளந்தண்டு எலும்பின் எண் ஒன்று, முண்ணாணின் எண் வேறொன்று என்று இருந்தாலும் குழம்ப வேண்டாம். தாயின் வயிற்றில் மூன்றாம் மாதத்தில் எலும்பும் முண்ணாணும் ஒரே நீளம். அப்புறம் எலும்பு வேகமாக வளர்ந்து முண்ணாணை மேலே விட்டுவிடுகிறது, பெரியவர்களுக்கு அது இடுப்பின் முதலாவது, இரண்டாவது எலும்புக்கு நேரே முடிந்துவிடும், அதற்குக் கீழே நரம்புகள் மட்டும் குதிரை வால் மாதிரி தொங்கும். அதனால்தான் அப்பாவுக்குக் குத்து பட்டது தோள்பட்டையின் கீழ் முனைக்கு நேரே இருந்தாலும் இடது பக்கம் சூடு தெரியாத எல்லை தொப்புளுக்குப் பக்கத்தில் தொடங்கலாம். இன்னொன்று, நம் தோட்டத்துப் பெண்கள் நிறையப் பேர் சிசேரியனுக்கு முதுகில் போடுகிற ஊசி முண்ணாணைக் குத்திவிடும் என்று பயப்படுகிறார்கள். அந்த ஊசி முண்ணாண் முடிந்த இடத்துக்குக் கீழேதான் போடப்படுகிறது. உங்கள் லயத்தில் யாராவது பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

இப்போது நான் மிகவும் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் எல்லாருடைய கண்ணும் வலது காலில்தான் இருக்கிறது. இடது காலை "நல்ல கால்" என்று நினைத்து விட்டுவிட்டீர்கள். தங்கச்சி, இப்போதைக்குக் காவல் தேவைப்படுகிற கால் இடது கால்தான். அது ஓடும், மிதிக்கும், ஆனால் சுட்டாலும் குத்தினாலும் சொல்லாது. நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் அடுப்படியில் காலை நீட்டி உட்காருவது நம் வழக்கம், அப்பா அதை இனிச் செய்யக்கூடாது, கம்பளிச் சாக்ஸ் போட்டு அடுப்புக்கு எட்டி உட்காரட்டும். சுடுதண்ணீர்ப் போத்தல், சூடு பிடிக்கிற ஒத்தடம், காரமான தைலம் தேய்த்து அனல் காட்டுவது, எதுவும் இடது பக்கம் வேண்டாம். குளிக்கிற தண்ணீரை அம்மா முழங்கையால் பார்த்துவிட்டுத் தரட்டும். வெறுங்காலோடு வாசலுக்குக்கூட இறங்கக்கூடாது. தினமும் பொழுதுபட்டதும் நீங்களோ தம்பியோ இடது பாதத்தைத் திருப்பி, விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் எல்லாம் வெளிச்சத்தில் பாருங்கள். அட்டை கடிப்பது நமக்கே தெரியாது, ஆனால் பிறகு வருகிற அரிப்பு நமக்குத் தெரியும், அவருக்கு அதுவும் தெரியாது, கடிவாய் புண்ணாகிக் கிடக்கும். போன வாரத்துக் கொப்புளத்தை உடைக்க வேண்டாம், பற்பசையோ எண்ணெயோ போட வேண்டாம், இன்னும் ஆஸ்பத்திரியில் காட்டவில்லை என்றால் நாளைக்கே காட்டுங்கள். வலிக்கவில்லை என்பதால் சின்னக் காயம் என்று முடிவு செய்யக்கூடாது.

படுத்த இடத்திலும் உட்கார்ந்த இடத்திலும் ஒரே பக்கம் அழுத்தம் விழாமல் அடிக்கடி மாறி இருக்கச் சொல்லுங்கள். பிட்டத்தில் சிவப்பாகத் தடம் இருந்து அழுத்தம் விட்டும் போகவில்லை என்றால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம்.

வலது காலுக்கு வெளிச்சமும் பயிற்சியும் வேண்டும். கக்கூசுக்குப் போகிற வழியில் இரவு முழுக்க ஒரு சின்னப் பல்ப் எரியட்டும், தலையணைக்குப் பக்கத்தில் டோர்ச் இருக்கட்டும். பீலியில் நின்று முகம் கழுவ வேண்டாம், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கழுவட்டும். இஸ்தோப்பு ஓரமாகப் பிடித்து நடக்க மூங்கில் கட்டுங்கள், முன்னால் ஒரு கண்ணாடி வைத்தால் காலைப் பார்த்துக்கொண்டே நடக்கப் பழகலாம். கைத்தடி இடது கையில். கணுக்காலை மெதுவாக மேல்நோக்கி மடக்கி அரை நிமிடம் போலப் பிடித்து, திரும்பத் திரும்ப, காலையும் மாலையும் செய்யுங்கள், இல்லாவிட்டால் குதிகால் தசைநாண் சுருங்கி, பின்னால் பலம் வந்தாலும் பாதம் நிலத்தில் பதியாது. எண்ணெய் தேய்ப்பது மனதுக்கு ஆறுதல், தேய்க்கட்டும், ஆனால் அது பயிற்சிக்குப் பதிலாகாது.

பழையபடி நடப்பாரா என்று கேட்டீர்கள். உங்கள் அப்பாவை நான் சோதித்துப் பார்க்கவில்லை, அதனால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் முண்ணாண் காயங்களிலே இந்த வகைதான் நன்றாகத் தேறுகிற வகை, பெரும்பாலானவர்கள் மறுபடி நடக்கிறார்கள், பலருக்குத் தடியோ கணுக்கால் பட்டையோ கொஞ்ச காலம் தேவைப்படும். முன்னேற்றத்தில் பெரும்பங்கு முதல் ஆறு மாதத்தில் வரும், அப்புறமும் ஒரு வருடம், இரண்டு வருடம் வரை மெதுவாகத் தொடரும். மூன்று மாதம்தான் ஆகிறது, சுவரைப் பிடித்தாவது நடக்கிறார் என்பது நல்ல அடையாளம். இடது காலின் சூட்டு உணர்ச்சி மட்டும் வலது காலின் பலத்தைவிடப் பிந்தலாம், முழுதாகத் திரும்பாமலும் போகலாம், ஆகவே அந்தக் காவல் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

அடுத்த கிளினிக்கில் மறக்காமல் புனர்வாழ்வுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கண்டிப் பக்கம் டிகனயில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது, ராகமயிலும் இருக்கிறது, அரசாங்கத்துடையவை. இந்த மூன்று மாதமும் கைநழுவியது போதும். திடீரென சிறுநீர் போகாமல் அடைத்தால், இரண்டு காலும் பலம் குறைந்தால், காய்ச்சலோடு முதுகுக் காயத்தில் நீர் வடிந்தால், ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கினால், மூச்சு முட்டினால் யோசிக்காமல் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

நட்டஈடு கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலை நேரத்துக் காயத்துக்கு நட்டஈடு என்பது 1934ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் சட்டம். வைத்தியரிடம் நோயின் பெயரை மட்டுமல்ல, வலது காலின் பலம், வலது கால் பெருவிரலின் நிலை உணர்ச்சி (விரல் எங்கே இருக்கிறது என்று தெரிகிறதா என்பது), இடது பக்கத்து வலி, சூடு, உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் எந்தப் பக்கம் போகிறது என்பதெல்லாம் அறிக்கையில் எழுதித் தரச் சொல்லுங்கள். கீறும்போது பெரியவர்களுக்குப் பெருவிரல் கீழே மடங்க வேண்டும், கட்டளை ரோடு அறுந்திருந்தால் மேலே எழும்பும், அதை நடித்துக் காட்டுவது லேசான காரியமல்ல. தொழிற்சங்கத் தலைவரிடமும் ஒரு பிரதி கொடுத்துத் தாமதிக்காமல் விண்ணப்பியுங்கள்.

சித்தப்பாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். சண்டைக்கு அல்ல. அப்பா கண்ணை மூடிப் படுத்திருக்கட்டும். சித்தப்பா தன் கையாலேயே அப்பாவின் வலது கால் பெருவிரலை இரண்டு பக்கமும் பிடித்து மேலேயோ கீழேயோ அசைத்துவிட்டு எந்தப் பக்கம் என்று கேட்கட்டும். மேலும் கீழுமாகப் பிடித்தால் அழுத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார், அதனால் பக்கவாட்டில்தான் பிடிக்க வேண்டும். பத்துத் தடவை செய்யட்டும், பிறகு இடது கால் பெருவிரலில் பத்துத் தடவை. அப்புறம் இரண்டு டம்ளர், ஒன்றில் பீலித் தண்ணீர், ஒன்றில் கை பொறுக்கிற வெதுவெதுப்பு மட்டும், மாறி மாறி ஒவ்வொரு காலிலும் வைத்துக் கேட்கட்டும். வலது கால் டம்ளரைச் சரியாகச் சொல்லும், விரலைச் சொல்லாது. இடது கால் விரலைச் சொல்லும், டம்ளரைச் சொல்லாது. அதற்குப் பிறகு நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு அண்ணனையும் தம்பியையும் கொஞ்ச நேரம் தனியாக விட்டுவிடுங்கள்.